நடுக்கமும் நாணமும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவோரையே நீங்கள் மிகுதியும் கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ, அவையில் பேசத் தகாதது என்று பலரும் எண்ணுவது. பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தால் வருந்துவோர்க்கு உண்டாகும் மலச்சிக்கலையும், அதனைத் தீர்க்கும் வழிகளையும் பற்றியே பேசப் போகிறேன். சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். அதனைக் குறை கூறேன். ஆயினும் அப்புன்னகைக்குப் பின்னால் உள்ள நாணம் எங்கள் வீட்டில் ஓர் உயிரைப் பறிக்கப் பார்த்தது. ஆகவேதான் நாணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு உங்கள் முன் நிற்கிறேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நோயுற்ற தந்தையாரைப் பதினோராண்டு அருகிருந்து பேணியவன் என்பது ஒன்றே என் தகுதி. நான் கூறும் மருத்துவச் செய்திகள் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் பயின்றும் அறிந்தவை.

என் தந்தையார் அசோகபுரம் இரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். மயிரிழை பிசகாமல் இரும்பை அராவிய கை அவருடையது. ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அந்த வலக்கை தானாக நடுங்கத் தொடங்கியது. நடை சுருங்கியது, முகம் உணர்ச்சியற்றது போல் ஆயிற்று, சட்டைப் பொத்தானைப் போடப் பத்து நிமிடம் பிடித்தது. மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்றார். லெவோடோபா என்னும் மருந்தைக் கொடுத்தார். மாத்திரையை விழுங்கிய ஒரு மணி நேரத்திற்குள் அவர் எழுந்து நடமாடுவதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம். ஆண்டுகள் சில நன்றாகவே கழிந்தன.

பின்பு ஒரு மழைக்காலத்தில் அந்த மாத்திரை வேலை செய்யவில்லை. காலையில் கொடுத்தது நண்பகல் வரை பயன் தரவில்லை. கட்டைபோல் படுத்துக் கிடந்தார். நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டினோம். அதே சமயம் அவர் வேட்டியில் நீர்போல மலம் கசியக் கண்டு, வயிற்றுப்போக்கு என்று எண்ணி, கடையில் அதை நிறுத்தும் மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் வயிறு மத்தளம்போல் உப்பிற்று, வாந்தியும் கண்டது. மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். இளம் மருத்துவர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரியவர் நன்றாக மலம் கழித்து எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எங்களுக்குத் தெரியவில்லை. தந்தையார் கண்களை மூடிக்கொண்டு கைவிரல்களை உயர்த்தினார். ஒன்பது விரல்கள்! அவ்விரல்களின் நடுக்கத்தை ஆண்டுக்கணக்காகக் கவனித்து வந்த நாங்கள், அவை சொல்ல வேண்டியிருந்த செய்தியைக் கேட்டறியவே இல்லை.

நடந்தது இதுதான். கீழ்க்குடலில் மலம் கல்லாக இறுகி அடைத்துவிட்டது. அந்த அடைப்பின் ஓரமாக மேலே தேங்கிய நீர் மட்டும் கசிந்தது. அதைத்தான் வயிற்றுப்போக்கு என்று நான் கருதினேன். போக்கை நிறுத்தும் மாத்திரை அடைப்பை மேலும் இறுக்கிற்று. மருத்துவமனையில் எனிமா முதலியன கொடுத்துப் பக்குவமாக அடைப்பை நீக்கினர். மூன்றாம் நாள், பழைய அளவு மாத்திரையே அவரை எழுந்து நடக்கச் செய்தது! நோய் முற்றவில்லை; வழிதான் அடைபட்டிருந்தது.

இது ஏன் நேர்கிறது என்று காண்போம்.

மூளையின் உட்பகுதியில் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் நடுக்கமும் விறைப்பும் மந்தமும் உண்டாகின்றன என்பது நீங்கள் கேள்விப்பட்டதே. ஆனால் நரம்பணுக்கள் மூளையில் மட்டும் இல்லை. உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை குடற்சுவர் முழுவதும் பல கோடி நரம்பணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. குடல் நெளிந்து நெளிந்து உணவைக் கீழே தள்ளுவது அவற்றின் ஏவலால்தான். பார்க்கின்சன் நோயில் அந்நரம்புகளும் பழுதடைகின்றன. ஆகவே கை கால் மந்தமாவது போலவே குடலும் மந்தமாகிறது. மலம் பெருங்குடலில் நெடுநேரம் தங்குகிறது; அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட, மலம் இறுகுகிறது. போதாக்குறைக்கு, மலம் கழிக்கும்போது தளர வேண்டிய மலவாய்த் தசைகள் தளராமல் மாறாக இறுகிக்கொள்வதும் உண்டு. முக்குவதற்கு வேண்டிய வயிற்றுத் தசையின் வலிமையும் குறைகிறது. ஆகவே இது முதியவரின் சோம்பலாலோ உணவுக் குற்றத்தாலோ மட்டும் வருவதன்று. நோயின் ஓர் உறுப்பே ஆகும். வெட்கப்படுவதற்கு இதில் யாதொன்றும் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. இலண்டனில் வாழ்ந்த ஜேம்சு பார்க்கின்சன் என்னும் மருத்துவர் 1817-இல் ஆறு பேரைக் குறித்து எழுதிய சிறு நூலால்தான் இந்நோய்க்கு அவர் பெயர் வழங்குகிறது. குடல் மந்தமாவதையும், நாளடைவில் வலிய மருந்தின்றி மலம் இறங்காமையையும் அவர் அந்நூலிலேயே எழுதி வைத்தார். வியப்பு என்னவெனில், பலருக்கு நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மலச்சிக்கல் தோன்றிவிடுகிறது. ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில் ஆயிரக்கணக்கான ஆடவரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து, 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. 2003-இல் செருமானிய அறிஞர் பிராக் என்பவரும் அவர் குழுவினரும், சிலருக்கு இந்நோய் குடலில் தொடங்கி நரம்பின் வழியே மூளைக்கு ஏறக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தனர். அஃது இன்னும் ஆராயப்பட்டே வருகிறது. ஆயினும் மலச்சிக்கல் உள்ளவர்க்கெல்லாம் நடுக்குவாதம் வரும் என்று அஞ்ச வேண்டா. மலச்சிக்கல் கோடானுகோடிப் பேருக்கு உண்டு. இந்நோய் வருவதோ அவருள் மிகச் சிலர்க்கே.

இனி, குடல் அடைபட்டால் மாத்திரை ஏன் தோற்கிறது? லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலின் முற்பகுதியில்தான் இரத்தத்தோடு கலக்கிறது. இரைப்பை தன் வாயிலைத் திறந்து அதனைக் கீழே அனுப்ப வேண்டும். இந்நோயில் இரைப்பையும் மந்தமாவதுண்டு. கீழே தேக்கம் ஏற்பட்டால் மேலே உள்ள ஓட்டமும் தாமதிக்கக்கூடும். என் தந்தையார் இதனைத் தம் தொழில் மொழியில் ஒரு நாள் சொன்னார்: "வண்டியில் பழுதில்லையப்பா, சிக்னல்தான் விழவில்லை; அவுட்டரிலேயே நின்றுவிட்டது." அதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

இம்மருந்தைப் பற்றி நம்மவர் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். அப்போது அப்பொருள் நடுக்குவாதத்திற்கு உதவும் என்று எவரும் அறியார். 1960-களில்தான் அம்மருத்துவம் வெளிநாடுகளில் உருவாயிற்று. ஆனால் இச்செய்தியைக் கேட்டுவிட்டுப் பூனைக்காலிப் பொடியை வாங்கி மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவர் அறியாமல் கொடுத்தால் மருந்தின் அளவு மிகுந்து துன்பமாகும்.

இப்போது செய்யத்தக்கவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நீர். இந்நோயாளர் பலர் தண்ணீரைக் குறைத்துவிடுகின்றனர். அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குச் செல்வது அவர்க்குப் பெரும்பாடு. என் தந்தையார் தம் மருமகளை எழுப்ப நாணி, மாலைக்குப் பின் மட்டுமன்றிப் பகலிலும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். இதய நோயோ சிறுநீரக நோயோ காரணமாக மருத்துவர் தடுத்தாலன்றி, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுத் தம்ளர் நீர் வேண்டும். அதில் பெரும்பகுதியைக் காலையிலும் பகலிலும் குடித்துவிட்டால் இரவுத் தொல்லை குறையும். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுவதும் இந்நோயில் உண்டு. நீர் அதற்கும் நல்லது.

இரண்டாவது, நார்ப்பொருள் உள்ள உணவு. கீரை, அவரை, வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி, தோலோடு கூடிய பயறு, கேழ்வரகு ஆகியவை நமக்கு எளிதிற் கிடைப்பவை. இவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் மிகும். இங்கு ஓர் எச்சரிக்கை. நம் மைசூரில் கேழ்வரகுக் களியை முத்தெ என்று உருட்டி, மெல்லாமல் விழுங்குவது வழக்கம். விழுங்கும் ஆற்றல் குறைந்த நோயாளர்க்கு அஃது ஆபத்து. கூழாகவோ கஞ்சியாகவோ கொடுங்கள். உண்ணும்போது இருமல், தொண்டையில் அடைப்பு, குரலில் ஈரம் ஆகியவை தெரிந்தால் காலந்தாழ்த்தாதீர்கள். மானசகங்கோத்ரியில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் நம் நகரிலேயே இருக்கிறது. பேச்சுக் குறைகளோடு விழுங்குதற் குறைகளையும் ஆராய்ந்து பயிற்சி தரும் வல்லுநர் அங்கு உள்ளனர்.

மூன்றாவது, நடை. குக்கரஹள்ளி ஏரிக்கரை வரை செல்ல இயலாதவர் வீட்டு முற்றத்தில் ஒருவர் துணையோடு நடக்கலாம். அதுவும் இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தபடி காலைத் தூக்கி இறக்கலாம். உடல் அசைந்தால் குடலும் அசையும்.

நான்காவது, நேரமும் இருக்கையும். காலைச் சிற்றுண்டி வயிற்றுக்குள் சென்றதும் பெருங்குடல் இயல்பாகவே அசைகிறது. அந்த நேரத்தில், அவசரப்படுத்தாமல், நாள்தோறும் பத்து நிமிடம் கழிப்பறையில் அமரச் செய்யுங்கள். மலம் எளிதில் இறங்கக் குந்தியிருக்கும் நிலை ஏற்றது. ஆனால் நம் காலனி வீடுகளில் உள்ள பழைய கழிப்பறையில் குந்தினால் இவர்களால் எழ முடியாது. விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வர். ஆகவே உயர்ந்த கமோடு வைத்து, பாதங்களின் கீழ் ஏறக்குறைய ஒரு சாண் உயரமுள்ள பலகையை வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, குந்தியது போன்ற நிலை கிட்டும். சுவரில் இரு கைப்பிடிகள் பதியுங்கள். கதவை உட்புறம் தாழிடாமல் திரை ஒன்று தொங்கவிடுங்கள். முதியவரின் மானமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும்.

இவ்வளவும் செய்தும் போதாவிடில் மருந்து வேண்டும். அதற்கும் நாண வேண்டுவதில்லை. நீரிற் கரைத்துக் குடிக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொடி மலத்தில் நீரை நிறுத்தி மென்மையாக்குகிறது. பார்க்கின்சன் நோயாளரிடமே சோதித்துப் பயன் கண்ட மருந்துகளுள் அஃது ஒன்று. நெடுநாள் கொடுக்கவும் பெரும்பாலும் ஏற்றது. லாக்டுலோஸ் பாகும் உதவும். சிலர்க்கு வாயு மிகும். இசப்கோல் உமியை நிறைய நீரோடுதான் கொடுக்க வேண்டும். விழுங்க இயலாதவர்க்கு அது தொண்டையில் பொங்கி அடைக்கும். இவை போதாதபோது குடலைத் தூண்டும் மருந்துகளை மருத்துவர் தருவர். அவற்றுள் நிலாவாரை நம் திருநெல்வேலிச் சீமையின் பெயரால் உலகெங்கும் விற்கப்படுவது. இரவில் கொடுத்தால் காலையில் பயன் தரும். 2021-இல் மலேசியாவின் கோலாலம்பூர் மருத்துவர்கள் 72 நோயாளரிடம் நடத்திய ஆய்வில், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய மருந்தும் மலச்சிக்கலைக் குறைத்ததாகக் கண்டனர். வீட்டுத் தயிர் நல்லதே. எனினும் அதுவும் அம்மருந்தும் ஒன்றல்ல.

செய்யத்தகாதனவும் உண்டு. நம் முன்னோர் வழக்கப்படி விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்க முயல வேண்டா. நீர் வற்றி, இரத்த அழுத்தம் தாழ்ந்து, முதியவர் மயங்கி விழக்கூடும். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவையும், வயிற்று உப்புசத்திற்கு அமில மாத்திரையோடு சேர்த்து விற்கப்படும் லெவோசல்பிரைடும் டோப்பமினின் வேலையைத் தடுத்து நடுக்கத்தையும் விறைப்பையும் மிகுவிப்பவை. கடையில் வாங்கும் எந்த மாத்திரையானாலும் "இவருக்குப் பார்க்கின்சன் நோய்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். நடுக்கத்திற்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில், இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள் ஆகியவை மலத்தைக் கட்டும். இவற்றை நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் அனைத்தையும் காட்டி, தேவையற்றதை நீக்கச் சொல்லுங்கள். பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது பெருந்தீங்கு.

லெவோடோபாவை உணவுக்கு அரை மணி முன்போ, உண்டு ஒரு மணிக்குப் பின்போ கொடுப்பது பொதுவாக நல்லது. பருப்பு, பால், முட்டை முதலியவற்றின் புரதம் உறிஞ்சப்படும் வழியும் இம்மருந்து உறிஞ்சப்படும் வழியும் ஒன்றேயாதலால், இரண்டும் போட்டியிடும். அதற்காகப் புரதத்தை நிறுத்திவிட வேண்டா. நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்? வயிறு உப்பி, வலியும் வாந்தியும் கண்டு, காற்றும் பிரியாதபோது; மலத்தில் இரத்தம் கண்டபோது; பல நாள் மலமின்றி இருந்து திடீரென நீராகக் கசியும்போது. இக்கடைசி அறிகுறியை நான் எவ்வாறு மறப்பேன்? காரணமின்றி உடல் மெலிந்தாலும், மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறினாலும், "எல்லாம் இந்நோயால்தான்" என்று இருந்துவிடாமல் குடலையும் ஆராயச் செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் எங்கள் வீட்டில் எளிதாக்கிற்று. மாத்திரை கொடுத்த நேரம், பயன் தெரிந்த நேரம், மலம் கழித்த நாள், அதன் தன்மை ஆகிய நான்கையும் என் மகள் எழுதி வந்தாள். முதல் நாள் அவளிடம் சொல்லத் தாத்தா கூசினார். அவளோ, "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள்தானே தாத்தா எனக்குக் கழுவிவிட்டீர்கள்?" என்றாள். அவர் சிரித்தார். உணர்ச்சியற்றுப் போன அந்த முகத்தில் நான் நெடுநாளுக்குப் பின் கண்ட சிரிப்பு அது. அதன் பின் அவர் மறைக்கவில்லை. ஒரு நாள் தவறினால் அன்றைக்கே மாற்று வழி செய்தோம். மேலும் ஐந்தாண்டு எங்களோடு இருந்தார். நோய் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அதை நாங்கள் நிறுத்திவிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் துன்பத்துக்காக அவரை மீண்டும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேரவில்லை.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து செய்பவர் என்பவை அவை. நான்காம் உறுப்பு நாம்தாம். மருத்துவர் ஆண்டில் சில முறை பார்க்கிறார். நாம் நாள்தோறும் பார்க்கிறோம். நாம் கேட்காத கேள்வியை அவர் கேட்கும்போது, பல சமயம் காலம் கடந்துவிடுகிறது.

பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறை இன்று முதுமை எய்திவிட்டது. நம் காலனியில் கை நடுங்கும் பெரியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று வீடு திரும்பியதும், அவர் அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அப்பா, வயிறு நன்றாகப் போகிறதா? சொல்லுங்கள், நான் இருக்கிறேன்."

இதுவே நான் வேண்டுவது.